கூட்டு மாத்திரை: அசேவுக்குக் கட்டிய மாடலை டிசொல்யூஷனுக்கும் பயன்படுத்தலாமா?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரத்த அழுத்த மருந்துகளான அம்லோடிபின் 5 மில்லிகிராமும் வால்சார்ட்டன் 160 மில்லிகிராமும் ஒரே மாத்திரையில் இருக்கின்றன. இரண்டின் யூவி நிறமாலைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் பிஎல்எஸ் மாடல் (முழு நிறமாலையிலிருந்து ஒவ்வொரு மருந்தின் செறிவையும் கணிக்கும் புள்ளியியல் கணக்கு) ஒன்றைக் கட்டியிருக்கிறீர்கள். பயிற்சிக் கலவைகள் எல்லாமே லேபிள் விகிதமான 1:32-ஐ ஒட்டி, 80 முதல் 120 சதவீதம் வரை. ஆறு மாத்திரைகளை, பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சியோடு ஒப்பிட்டு டி-சோதனை செய்ததில் பி-மதிப்பு 0.29 வந்தது, ஆகவே இரண்டு முறைகளும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டீர்கள். இனி அதே மாடலை டிசொல்யூஷன் (மாத்திரை நேரத்தோடு எவ்வளவு கரைகிறது என்று பார்க்கும் சோதனை) மாதிரிகளுக்கும் போட்டு, இரண்டு மருந்துகளையும் சேர்த்து ஒரே எஃப்2 மதிப்பால் (இரண்டு கரைதல் கோடுகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் எண்) ஒப்பீட்டு மாத்திரைக்கு நிகரானது என்று காட்டலாமா என்று கேட்கிறீர்கள். உண்மையில் இதற்குள் இருப்பது ஒரே கேள்வி: முழு மாத்திரையில் உள்ள மருந்தின் அளவைக் காணும் அசேவில் சரியான விடை தந்த கணக்கு, பாதி கரைந்த மாத்திரைக்கும் சரியான விடை தருமா? இப்போது உங்கள் கையில் இருக்கும் மாடல் தராது. இதை நான் தயக்கமில்லாமல் சொல்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் மருந்துப் பகுப்பாய்வில் இருக்கும் நிறையப் பேர் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

எல்லாக் கலவைகளிலும் அம்லோடிபின் ஒரு பங்கு, வால்சார்ட்டன் முப்பத்திரண்டு பங்கு என்றே வைத்தால், ஒன்று கூடும்போது மற்றதும் கூடவே கூடும். அம்லோடிபினின் நிறமாலை எது, வால்சார்ட்டனின் நிறமாலை எது என்று பிரித்துக் கற்றுக்கொள்ள பிஎல்எஸ் மாடலுக்குக் காரணமே கிடைக்காது. வால்சார்ட்டனின் பெரிய சிக்னலைப் பார்த்து, அதை 32-ஆல் வகுத்தாலே அம்லோடிபினுக்கு அழகான விடை கிடைத்துவிடும். காலிபரேஷன் கோட்டின் ஆர்-ஸ்கொயர் 0.999-க்கு மேல் வரும். மாத்திரையை முழுக்கக் கரைத்து அளந்தாலும் சரியாகவே வரும், ஏனென்றால் மாத்திரைக்குள்ளும் அதே 1:32 விகிதம்தான் இருக்கிறது. பிழை எங்கேயும் தலைகாட்டாது. அசேவில் கிடைத்த வெற்றி மாடலின் திறமையால் வந்ததா, விகிதம் மாறாததால் வந்ததா என்பதை அசே முடிவுகளை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

டிசொல்யூஷன் பாத்திரத்தில் அந்த விகிதம் உடைகிறது. வால்சார்ட்டன் ஓர் அமிலம்; அமில ஊடகத்தில் மிகக் குறைவாகவே கரையும், பிஎச் 6.8 பாஸ்பேட் பஃபரில் நன்றாகக் கரையும். அம்லோடிபின் பெசிலேட் ஒரு காரத்தின் உப்பு, அதன் போக்கு வேறு. 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பத்தாவது நிமிடம் மாதிரி எடுத்தால் அம்லோடிபினில் பெரும்பகுதி வெளியே வந்திருக்கலாம், வால்சார்ட்டன் கொஞ்சமே வந்திருக்கும். அந்த மாதிரியில் விகிதம் 1:32-க்குப் பக்கத்திலேயே இருக்காது. வால்சார்ட்டன் சிக்னலை வைத்து அம்லோடிபினை ஊகிக்கும் மாடல், அம்லோடிபின் கரையவே இல்லை என்று அறிக்கை தரும். மருந்து ஒழுங்காகத்தான் கரைந்திருக்கும், கணக்குதான் பொய் சொல்லும். பஃபரில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம்: அம்லோடிபின் பின்தங்கியிருக்கும்போது எல்லாம் கரைந்துவிட்டது என்று மாடல் சொல்லிவிடும். நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டாவதுதான் ஆபத்து.

ஆகவே பயிற்சித் தொகுதியைப் புதிதாகத் தயாரியுங்கள். இரண்டு மருந்துகளுக்கும் தனித்தனியாக ஐந்து நிலைகள், லேபிள் அளவு முழுவதும் 900 மில்லிலிட்டரில் கரைந்தால் வரும் செறிவில் 5, 30, 60, 90, 120 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நிலையையும் மற்ற மருந்தின் ஒவ்வொரு நிலையோடும் கலந்தால் 25 கலவைகள். அப்போது இரண்டு செறிவுகளுக்கும் இடையிலான ஒட்டுறவு பூஜ்யம் ஆகிவிடும். அம்லோடிபின் 120, வால்சார்ட்டன் 5 என்ற மூலையையும் மாடல் பார்த்திருக்கும். கலவைகளை மெத்தனாலில் அல்ல, டிசொல்யூஷன் ஊடகத்திலேயே செய்யுங்கள். பிஎச் மாறினால் நிறமாலையும் நகரும். ஊடகத்தில் சர்பேக்டன்ட் இருந்தால் இன்னும் மாறும். மூன்று ஊடகங்களில் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் மூன்று மாடல்கள் வேண்டும். அமிலத்தில் வால்சார்ட்டன் அந்த உச்சச் செறிவுவரை கரையாமல் போனால், கரையும் எல்லைவரைதான் நிலைகளை வைக்க முடியும். பாத்திரத்திலும் அந்த எல்லைக்கு மேல் போகாது என்பதால் அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஊடகத்தில் சிங்க் நிலை (மருந்து தடையின்றிக் கரையப் போதிய ஊடகம் இருப்பது) இல்லை என்பதை அறிக்கையில் குறிப்பிட வேண்டும். துணைப்பொருள்களை மட்டும் வைத்துச் செய்த பிளசீபோ மாத்திரையின் கரைசலைச் சில கலவைகளில் சேர்த்துவிடுங்கள். பயிற்சியில் பார்க்காத எதையும் மாடல் தானாகக் கண்டுகொள்ளாது.

லேட்டன்ட் வேரியபிள் (நிறமாலையைச் சுருக்கி பிஎல்எஸ் பயன்படுத்தும் மறைமாறி) எத்தனை என்பதில் ஓரளவு சந்தேகத்துக்கு இடம் உண்டு. இரண்டு மருந்துகள், நேர்கோட்டில் நடக்கும் பியர் விதி (உட்கவர்ச்சி செறிவுக்கு நேர்விகிதம்), பெரிய குறுக்கீடு இல்லை என்றால் இரண்டு போதும். துணைப்பொருளும் சிறு வளைவும் சேர்ந்தால் மூன்று அல்லது நான்கு. ஒவ்வொரு கலவையையும் வெளியே வைத்து மீதியால் கணிக்கும் குறுக்குச் சரிபார்ப்பில் பிழை எங்கே மிகக் குறைவு என்று பார்த்து அந்த எண்ணை அப்படியே எடுப்பது பலருடைய வழக்கம். 1988-இல் ஹாலண்டும் தாமஸும் முன்வைத்த வழி இதைவிடப் பாதுகாப்பானது: மிகக் குறைந்த பிழையிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு வேறுபடாத மிகச் சிறிய எண்ணைத் தேர்ந்தெடுப்பது. இரண்டு மருந்துகளுக்கு ஏழு எட்டு என்று சாஃப்ட்வேர் சொன்னால் அது இரைச்சலைப் படித்துக்கொண்டிருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். மூன்றா நான்கா என்ற விஷயத்தில் மட்டும், மாடல் விளக்காமல் விட்ட உங்கள் எஞ்சிய நிறமாலைகளைப் பார்க்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மாடல் எவ்வளவு நல்லது என்பதை ஆர்-ஸ்கொயரால் அளக்காதீர்கள். தனியாகத் தயாரித்த சோதனைக் கலவைகளில் வரும் கணிப்புப் பிழையை ஒவ்வொரு மருந்தின் செறிவோடும் வைத்துப் பாருங்கள். 900 மில்லிலிட்டரில் வால்சார்ட்டன் முழுதும் கரைந்தால் மில்லிலிட்டருக்குச் சுமார் 178 மைக்ரோகிராம், அம்லோடிபின் 5.6 மைக்ரோகிராம் மட்டுமே. கணிப்புப் பிழை 0.3 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். வால்சார்ட்டனுக்கு அது 0.2 சதவீதம்கூட இல்லை. அம்லோடிபினுக்கு 5 சதவீதத்துக்கு மேல். 20 சதவீதம்தான் கரைந்திருக்கும் ஆரம்ப மாதிரியில் அம்லோடிபின் 1.1 மைக்ரோகிராம் அளவே இருக்கும். அங்கே அதே 0.3 என்பது 27 சதவீதப் பிழை. அந்தப் புள்ளியை வைத்து எஃப்2 கணக்கிடுவதில் அர்த்தமே இல்லை. முழு மாத்திரை அசேவில் செறிவை நீங்களே ஏற்றிக்கொள்ளலாம், டிசொல்யூஷனில் 900 மில்லிலிட்டர் உங்கள் கையை மீறியது. நீண்ட பாதை செல் கொஞ்சம் உதவும். அதிலும் வால்சார்ட்டனின் அப்சார்பன்ஸ் கருவியின் நேர்கோட்டு எல்லையைத் தாண்டிவிடும் என்பதால் அதற்கு மட்டும் தனியாக நீர்க்க வேண்டிவரும்.

இங்கே ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது: உங்கள் ஜோடிக்கு பிஎல்எஸ் கட்டாயம் வேண்டுமா? அம்லோடிபினுக்கு 360 நானோமீட்டர் சுற்றுவட்டத்தில் ஓர் உட்கவர்ச்சிப் பட்டை இருக்கிறது. வால்சார்ட்டன் அங்கே ஏறக்குறைய எதையும் உட்கவர்வதில்லை. அங்கே அம்லோடிபினை நேராக அளந்து, 250 நானோமீட்டருக்குப் பக்கத்தில் அதன் பங்கைக் கழித்தால் வால்சார்ட்டன் கிடைத்துவிடும். ஃபீரோர்ட்டின் ஒருங்கமைச் சமன்பாட்டு முறைக்கு இது மிக எளிய வடிவம். பட்டை வலுக் குறைந்தது, ஆகவே மேலே சொன்ன செறிவுச் சிக்கல் இதிலும் தொடரும். ஆனால் பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்க முடியும். எளிய முறையால் முடிகிற வேலைக்குச் சிக்கலான மாடலைக் கொண்டுவருவது ஆய்வுக்கட்டுரைக்கு அழகு சேர்க்கலாம்; தினசரித் தரக் கட்டுப்பாட்டுக்கு அது சுமை. அம்லோடிபின் ஒளியில் சிதையும், சிதைந்தால் அந்த 360 பட்டைதான் முதலில் அடிபடும். ஆட்டோ சாம்ப்ளரில் குழாய்கள் வெளிச்சத்தில் மணிக்கணக்கில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கால் சரிசெய்யவே முடியாத ஜோடிகளும் உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் கூட்டு மாத்திரையை எடுங்கள். அமில ஊடகத்தில் ரிஃபாம்பிசின் 3-ஃபார்மைல் ரிஃபாமைசினாக உடைந்து, அது ஐசோனியாசிடோடு சேர்ந்து ஹைட்ரசோன் ஆகிறது. பாத்திரத்துக்குள் மூன்றாவது, நான்காவது பொருள்கள் சோதனை நடக்கும்போதே உருவாகின்றன. நிறம் இன்னும் இருக்கிறது, ரிஃபாம்பிசின் குறைந்துகொண்டிருக்கிறது. இரண்டு மருந்துகளை மட்டும் கற்ற மாடல் இதைக் கரைந்த மருந்து என்றே எண்ணிவிடும். நான்கு மருந்து மாத்திரையில் இருக்கும் எத்தாம்புட்டாலுக்கு யூவியில் அளக்கத்தக்க நிறத்தொகுதியே இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் பிரித்து அளக்கும் எச்பிஎல்சிதான் வழி, எந்தப் புள்ளியியலும் மாற்றாகாது. உங்கள் ஜோடியில் இந்த வகை வினை எனக்குத் தெரிந்து இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு டிசொல்யூஷன் மாதிரிக்கும் எஞ்சிய நிறமாலையின் அளவையும் ஹோட்டலிங் டி-ஸ்கொயர் மதிப்பையும் (பயிற்சித் தொகுதியின் மையத்திலிருந்து மாதிரி எவ்வளவு விலகியிருக்கிறது என்ற அளவு) கணக்கிட்டு, பயிற்சித் தொகுதியின் எல்லையைத் தாண்டினால் அந்தக் கணிப்பை நிராகரியுங்கள். வடிகட்டியைத் தாண்டி வந்த நுண்துகள்களின் ஒளிச்சிதறலும் இதில் பிடிபடும்.

அடுத்து அந்த 0.29. டி-சோதனை கேட்கும் கேள்வி, வேறுபாடு உண்டு என்று சொல்லப் போதுமான சான்று இருக்கிறதா என்பது. சான்று இல்லை என்று வந்தால் முறைகள் சமம் என்று ஆகிவிடாது. மாதிரி குறைவாக இருந்தாலும், அளவீடு தள்ளாடினாலும் இதே விடைதான் வரும். உங்கள் பி-மதிப்புக்கு ஒத்துவரும் எண்களை வைத்துக் காட்டுகிறேன். ஆறு மாத்திரைகளில் இரண்டு முறைகளுக்கும் சராசரி வேறுபாடு 1.2 சதவீதம், வேறுபாடுகளின் திட்டவிலக்கம் 2.5 என்று இருந்தால் பி-மதிப்பு 0.29 வரும். அதே எண்களுக்கு 90 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய -0.9 முதல் +3.3 வரை. ஏற்கத்தக்க எல்லை ±2 சதவீதம் என்று நீங்கள் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால், இந்த இடைவெளி அதற்குள் அடங்கவில்லை. சமம் என்று நிரூபணம் ஆகவில்லை. இரண்டு ஒருபக்கச் சோதனைகள் என்ற முறை செய்வது இதைத்தான். இடைவெளி முழுவதும் எல்லைக்குள் அடங்க வேண்டும். அந்த ±2 எங்கிருந்து வந்தது என்றால், அது புள்ளியியல் தரும் எண் அல்ல, மருந்தின் தர வரம்பைப் பார்த்து நீங்கள் எடுக்கும் முடிவு, 1.5 என்று ஒருவர் வாதிட்டால் மறுக்க என்னிடம் விதி ஒன்றும் இல்லை. தரவைப் பார்த்த பிறகு எல்லையை வைக்கக் கூடாது என்பது மட்டும் உறுதி. கூடவே, வேறுபாடு செறிவோடு சேர்ந்து வளர்கிறதா என்று பார்க்க, 1986-இல் பிளாண்டும் ஆல்ட்மனும் பரப்பிய சராசரி-வேறுபாட்டு வரைபடத்தைப் போடுங்கள். ஒப்பீட்டை முழு மாத்திரைகளோடு நிறுத்தாமல், பாதி கரைந்த டிசொல்யூஷன் மாதிரிகளையும் எச்பிஎல்சியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மாடல் உடையுமானால் அங்கேதான் உடையும்.

எஃப்2-க்கு வருவோம். இது 1996-இல் மூரும் ஃபிளானரும் முன்வைத்த சூத்திரம். எல்லாப் புள்ளிகளிலும் வேறுபாடு 10 சதவீதம் என்றால் மதிப்பு 50-க்கு மிக அருகே வரும். 50-க்குமேல் இருந்தால் ஒத்த போக்கு என்ற வழக்கம் அதிலிருந்துதான். இரண்டு மருந்துகளையும் சேர்த்து ஒரே எண் கொடுக்கலாமா? கூடாது, ஒவ்வொரு மருந்தும் தனியாகத் தேற வேண்டும். கரைந்த மொத்த மில்லிகிராமைக் கூட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: அம்லோடிபின் ஒரு துளியும் கரையாவிட்டாலும் 165-இல் 160 கரைந்தது, அதாவது 97 சதவீதம் என்று காட்டும். தனித்தனி எஃப்2 எடுத்துச் சராசரி போட்டாலும் தப்பாது. ஒரு மருந்தில் எல்லாப் புள்ளியிலும் 2 சதவீத வேறுபாடு இருந்தால் எஃப்2 சுமார் 82. இன்னொன்றில் 15 சதவீத வேறுபாடு இருந்தால் சுமார் 41. சராசரி 62 வருகிறது. தோற்ற மருந்து அதற்குள் ஒளிந்துகொள்கிறது. மருந்தக நூல் வரம்பான க்யூவும் (குறித்த நேரத்துக்குள் கரைய வேண்டிய சதவீதம்) இதே மாதிரித்தான்: முதல் கட்டத்தில் ஆறு மாத்திரைகளில் ஒவ்வொன்றும் க்யூவுடன் 5 சதவீதம் சேர்த்த அளவுக்குக் குறையக் கூடாது என்ற விதியை இரண்டு மருந்துகளுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

புள்ளிகளை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் எஃப்2-ஐ ஆட்டிவைக்கும். இரண்டு ஆரம்பப் புள்ளிகளில் 15 சதவீத வேறுபாடு இருந்தால் மதிப்பு 41. இரண்டு தயாரிப்புகளும் முழுதாகக் கரைந்து சமதளத்துக்கு வந்த பிறகு, வேறுபாடு 1 சதவீதமே உள்ள மூன்று புள்ளிகளைச் சேர்த்தால் அதே தரவு 51 ஆகிவிடும். மாத்திரை மாறவில்லை, தேறிவிட்டது. இதைத் தடுக்கத்தான் 85 சதவீதத்தைத் தாண்டிய பிறகு ஒரே ஒரு புள்ளியைத்தான் சேர்க்கலாம் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கூட்டு மாத்திரையில் இது தனிச் சிக்கலைக் கொண்டுவருகிறது: வேகமாகக் கரையும் மருந்து 85-ஐத் தாண்டும் நேரமும் மெதுவான மருந்து தாண்டும் நேரமும் ஒன்றல்ல. ஆகவே ஒரே ஓட்டத்தில் மாதிரி எடுத்தாலும், எஃப்2-க்கு எடுக்கும் புள்ளிகள் மருந்துக்கு மருந்து மாறலாம், மாற வேண்டும். இரண்டு தயாரிப்புகளிலும் ஒரு மருந்து 15 நிமிடத்துக்குள் 85 சதவீதம் கரைந்துவிட்டால் அதற்கு எஃப்2 தேவையே இல்லை.

எஃப்2 சராசரிகளை மட்டும் பார்க்கிறது, மாத்திரைக்கு மாத்திரை உள்ள சிதறலைப் பார்ப்பதில்லை. அதனால்தான் 12 மாத்திரைகள் கேட்கப்படுகின்றன. மாறுபாட்டுக் கெழு ஆரம்பப் புள்ளியில் 20 சதவீதத்துக்கும் மற்றவற்றில் 10 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது என்ற நிபந்தனையும் அதற்காகத்தான். போனால் பூட்ஸ்ட்ராப் செய்யுங்கள்: 12 மாத்திரைகளின் முழுக் கோடுகளையும் திரும்பத் திரும்ப மறுதேர்வு செய்து, எஃப்2-இன் 90 சதவீத இடைவெளியின் கீழ் எல்லை 50-க்கு மேல் நிற்கிறதா என்று பார்ப்பது. கோடுகளாக எடுக்க வேண்டும், தனிப் புள்ளிகளாக அல்ல. ஒரே மாத்திரையின் 10-ஆம் நிமிடமும் 20-ஆம் நிமிடமும் ஒன்றையொன்று சார்ந்தவை. அவற்றைத் தனித்தனி அவதானிப்புகளாக எண்ணிச் சாதாரண அனோவா (சராசரிகளை ஒப்பிடும் மாறுபாட்டுப் பகுப்பாய்வு) போட்டால் மாதிரி எண்ணிக்கையை நீங்களே ஊதிப் பெருக்குகிறீர்கள். ஒரே பாத்திரத்தின் கரைசலை மூன்று முறை படித்தால் அது மூன்று மாத்திரை ஆகாது. அமைப்பு இதுபோல இருப்பதால், அனோவா போட விரும்பினால் மீள் அளவீட்டு மாடலோ கலப்பு மாடலோதான் பொருந்தும். வைபுல், ஹிகுச்சி மாதிரியான கரைதல் மாடல்களைப் பொருத்துவது போக்கை விவரிக்கப் பயன்படும். இரண்டு மாத்திரைகள் ஒத்தவை என்று காட்டுவதற்கு அவற்றை நான் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டு மருந்துகளின் கோடுகளையும் ஒரே பன்மாறித் தூரத்தில், மகலநோபிஸ் தூரம்போல, சேர்த்துச் சோதிப்பது பற்றிக் கருத்து ஒன்றுபடவில்லை. ஒரே மாத்திரையில் ஒன்று தாமதமானால் மற்றதும் தாமதமாவது இயல்பு, அந்த ஒட்டுறவைப் பயன்படுத்துவது கோட்பாட்டளவில் நியாயமானது. ஆனால் எல்லையை எங்கே வைப்பது என்பதற்கு ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லை; இப்போதைக்குத் தனித்தனி எஃப்2-க்குத் துணையாகக் காட்டலாம், அதற்குப் பதிலாக அல்ல.

கடைசியாக, கேள்வியில் நீங்கள் எழுதாத ஒரு விஷயம். ஒவ்வொரு முறையும் 10 மில்லிலிட்டர் எடுத்துப் புது ஊடகம் ஊற்றுகிறீர்கள் என்றால், ஆறாவது மாதிரி எடுப்பதற்குள் 50 மில்லிலிட்டர் கரைசல் வெளியே போயிருக்கும். மருந்து சீக்கிரமே முழுதும் கரைந்திருந்தால் அது 900-இல் 5.5 சதவீதம் அளவுக்கு இழப்பு. முன்பு எடுத்த ஒவ்வொரு மாதிரியிலும் போன மருந்தைத் திரும்பக் கூட்டினீர்களா? வேகமாகக் கரையும் மருந்தின் கோடு கடைசியில் லேசாகக் கீழே சாய்ந்தால் முதலில் அதைச் சரிபாருங்கள். புதிய பயிற்சித் தொகுதியின் செறிவு அட்டவணையையும், எச்பிஎல்சியில் ஓட்டிய பாதி கரைந்த மாதிரிகளின் எண்களையும் இங்கே போட்டால், லேட்டன்ட் வேரியபிள் எண்ணிக்கையைப் பற்றி இன்னும் திட்டவட்டமாகப் பேசலாம்.